செத்தல் மூடை எந்தக் கணக்கில்? அரைவை ஆலை ஒன்றில் ஈஆர்பியும் எம்ஈஎஸும்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கம் ஒரு மிளகாய்த்தூள் ஆலை. செத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் மூடை மூடையாக உள்ளே போகும். வறுத்து அரைத்த கறித்தூள் பக்கெற்றுகளாக வெளியே வரும். ஒரு பங்கு உள்ளூர்க் கடைகளுக்கு, ஒரு பங்கு கொழும்பு முகவர் மூலம் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும். விகிதம் என்னவென்று கேட்காதீர்கள். எழுதினால் முதலாளி என்னைப் படலைக்குள்ளும் விடமாட்டார்.

அலுவலகத்தில் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஈஆர்பி மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது: கொள்வனவு, விற்பனை, கணக்கு, சம்பளம். வறுவல் கூடத்துக்கு ஓர் எம்ஈஎஸ் போட்டுத்தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். ஈஆர்பி நிறுவனம் முழுவதற்கும் திட்டமும் கணக்கும் வைத்திருக்கும். எம்ஈஎஸ் உற்பத்தி நடக்கும் இடத்தில் நின்று, எந்த மூடை எந்தத் தொகுதிக்குள் எத்தனை மணிக்குப் போனது என்று பார்த்துக்கொள்ளும். களஞ்சிய நிர்வாகம் தன்னிடம் இருப்பதாக இரண்டும் சொல்லும். சிக்கல் அங்கேதான். இந்தப் பதிவு அதைப் பற்றி மட்டும். வறுவல் இயந்திரத்தின் வெப்பமானியை இணைத்த கதை வேறு.

வேலை தொடங்கிய நேரத்தில் ஈஆர்பி திரையில் செத்தல் இருப்பு 1,240 கிலோ. கூடத்தில் நின்ற பொறுப்பாளரோ, "அரைக்க ஒண்டும் இல்லை" என்றார். இரண்டும் உண்மை. 400 கிலோ ஆய்வுகூட அறிக்கைக்குக் காத்திருந்தது. 300 கிலோ ஈரம் பிடித்தது, வெயிலில் போட்டு எடுத்த பிறகுதான் வறுக்கலாம். 250 கிலோ ஏற்கெனவே வறுபட்டுப் பரல்களில் கிடந்தது. மீதி 290 கிலோ காரம் குறைந்த இனம், வேறு தயாரிப்புக்கு வாங்கியது. ஈஆர்பிக்கு இவை எல்லாம் செத்தல், எல்லாவற்றுக்கும் கொடுத்த காசு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். உண்மை நிலவரம் இருந்த ஒரே இடம் களஞ்சியப் பொறுப்பாளர் அண்ணையின் சீ.ஆர். கொப்பி. 'கிளிநொச்சி 6 மூடை, ஈரம், மேல்தட்டு' என்று பென்சிலால் எழுதி, மூடை போனதும் ஒரு கோடு. அந்தக் கொப்பியைப் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் எம்ஈஎஸ் அட்டவணைகளை வடிவமைத்தேன். எந்த மென்பொருள் கையேட்டையும் விட அது பிரயோசனப்பட்டது.

ஈஆர்பியின் பார்வையில் களஞ்சியம் ஒரு கணக்குத் தலைப்பு. ஈஆர்பிநெக்ஸ்டில் ஒவ்வொரு சரக்கு அசைவும் இருப்புப் பேரேட்டில் அளவு, விலை, பெறுமதி என்று வரி வரியாகப் பதியும். தொடர் இருப்புக் கணக்கு முறையைப் போட்டிருந்தால் பொதுப் பேரேட்டிலும் அதே கணத்தில் ஏறிவிடும். பதிந்ததை அழிக்க முடியாது. இரத்துச் செய்தால் எதிர்ப்பதிவு விழும். கணக்காளருக்கு இதுதான் வேண்டும். ஆனால் மேல்தட்டு மூடையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதால் பேரேட்டில் ஒரு சதமும் மாறாது. விரும்பினால் ஒவ்வொரு தட்டையும் ஒரு களஞ்சியமாக மரவடிவில் திறந்து, எது எங்கே போகவேண்டும் என்ற விதிகளும் போடலாம். அதற்கு வசதி இருக்கிறது. செய்தால், மூடையைத் தள்ளி வைப்பதற்கெல்லாம் ஓர் ஆவணம் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். தோளில் மூடையோடு நிற்கிற பொடியன் அதைச் செய்யமாட்டான். பிறகு அலுவலகத்தில் இருப்பவர் பின்னேரம் ஊகித்து எழுதுவார். ஊகித்து எழுதிய இருப்பிடத்தை விட இருப்பிடமே இல்லாதது நல்லது.

இந்த எல்லைத் தகராறுக்கென்றே ஒரு நியமம் இருக்கிறது: ஐஎஸ்ஏ-95. முதற்பகுதி 2000 இல் வந்தது. சர்வதேச நியமமாக அதற்கு ஐஇசி 62264 என்று பெயர். ஆலையை 0 முதல் 4 வரை மட்டங்களாகப் பிரிக்கிறது. அடியில் நடக்கிற வேலையே, அதற்கு மேல் உணரிகளும் கட்டுப்பாடும், மூன்றாவதில் எம்ஈஎஸ், நான்காவதில் ஈஆர்பி. மூன்றாம் மட்டத்து வேலைகளை உற்பத்தி, பராமரிப்பு, தரம், சரக்கிருப்பு என்று நான்காக வகுக்கிறது. அதாவது சரக்கிருப்பு மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. மேலே உள்ளவர் மாதம், கிழமை, நாள் என்று கணக்குப் பார்க்கிறார். கீழே உள்ளவருக்கு ஷிஃப்ட், மணித்தியாலம், நிமிடம், சில வேளை செக்கன். நியமம் இவ்வளவையும் சொல்லும். கோப்பாய்க்கு வந்து கோட்டை எந்த இடத்தில் போடுவது என்று சொல்லாது.

கதவு

களஞ்சியத்துக்கும் வறுவல் கூடத்துக்கும் நடுவில் தள்ளித் திறக்கிற ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. கோட்டை அங்கே போட்டோம். ஈஆர்பியில் நான்கே நான்கு களஞ்சியங்கள்: சோதனை நிலுவை, மூலப்பொருள், வேலை நடப்பு, முடிந்த பொருள். ஒரு பொருள் இந்த நான்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மட்டுமே ஈஆர்பிக்குச் செய்தி. அதற்குள் நடப்பதெல்லாம் எம்ஈஎஸின் பாடு: மூடை எண், தட்டு, ஈரப்பதம், திறந்ததா கட்டியதா, எந்தப் பரலுக்குள் போனது.

நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றுதான். ஓர் எண்ணை ஒரு மென்பொருள் மட்டும் எழுதலாம், மற்றது வாசிக்கலாம். லொட் (ஒரே தடவையில் வந்த மூடைகள்) ஒன்றின் பெறுமதியை எம்ஈஎஸ் தொடாது. மூடையின் நிறையை ஈஆர்பி தொடாது. ஆய்வுகூடம் சரி சொன்னதா என்பது ஈஆர்பியின் தரச் சோதனைப் பதிவில், ஏனென்றால் சரக்குக் கொடுத்தவருக்குக் காசு போவதும் நிற்பதும் அதைப் பொறுத்தது. அந்த லொட்டுக்குள் இந்த ஆறு மூடை மட்டும் ஈரம் என்பது எம்ஈஎஸில், ஏனென்றால் அது காசு விசயமல்ல, இன்றைக்கு வறுக்கலாமா என்ற விசயம்.

கதவடியில் தராசு. மூடையை வைத்து அதன் பார்கோட் அட்டையை வருடினால் எம்ஈஎஸ் நான்கு விசயம் பார்க்கும்: இந்த வேலைக் கட்டளைக்கு உரிய பொருளா, லொட் விடுவிக்கப்பட்டதா, ஈரம் எல்லைக்குள்ளா, இதைவிடப் பழைய மூடை பின்னால் கிடக்கிறதா. நான்காவதுக்குத்தான் அண்ணை மல்லுக்கு நின்றார்.

"தம்பி, பழசு முதல்ல போகோணும் எண்டுறது சரி. ஆனா புது மூடை ஈரமெடுக்கப் பாக்குது. பழசு காய்ஞ்சு கிடக்கு, அது இன்னும் ரெண்டு மாசம் நிக்கும். இதை இண்டைக்கு வறுக்காட்டி நாளைக்குப் பூஞ்சணம்."

"அப்ப என்ன செய்யலாம் அண்ணை?"

"எனக்கு விடுங்கோ. நான் சொன்னா அது திறக்கோணும்."

திறக்கிறது. அவருடைய இரகசிய எண்ணை அடித்து, காரணத்தைத் தெரிவுசெய்தால் சிவப்பு பச்சையாகும். காரணம் பதிவில் இருக்கும். ஆனால் ஆய்வுகூட விடுவிப்பை அவராலும் தாண்ட முடியாது. முதலாளியாலும் முடியாது. அதை அவரே சம்மதித்து எழுதித் தந்தார்.

கரைந்துபோகும் கிலோ

மூடைக்கு 25 கிலோ என்று சிட்டையில் வரும். செத்தல் லொறியில் ஏ9 வழியாக வந்து, களஞ்சியத்தில் கிடந்து, கதவடிக்கு வரும்போது அந்த 25 இருக்காது. காய்ந்த காலத்தில் ஈரம் வெளியேறும். மார்கழி மழையில் திரும்ப ஏறும். 60 மூடை கொண்ட ஒரு லொட், ஈஆர்பியில் 1,500 கிலோ. கதவடித் தராசில் ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1,478.6. கடைசி மூடையும் போய்விட்டது, ஆனால் ஈஆர்பியில் 21.4 கிலோ செத்தல் மிச்சம் இருக்கிறது. அது எங்கேயும் இல்லாத செத்தல். முன்பு இப்படிப்பட்ட மிச்சங்கள் லொட் லொட்டாகச் சேர்ந்து, வருடமுடிவுக் கணக்கெடுப்பில் ஒரே அடியாகக் கழிபட்டன. களவு போனதா காய்ந்து போனதா என்று யாருக்கும் தெரியாது. சந்தேகம் எப்போதும் களஞ்சியத்தில் நிற்பவர் மீதுதான்.

இப்போது கடைசி மூடை கதவைத் தாண்டியதும் எம்ஈஎஸ் 'லொட் முடிந்தது' என்று ஒரு செய்தி அனுப்பும். ஈஆர்பி மிச்சத்தைச் சேமிப்பு நட்டம் என்ற தனிக்கணக்குக்கு மாற்றும். தனிக்கணக்குக் கேட்டது கணக்காளர் அக்கா. எந்த வழங்குநரின் சரக்கு கூடக் கரைகிறது என்று அவருக்கு இப்போது தெரிகிறது. அடுத்த கொள்வனவில் விலை பேச அது உதவுகிறது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த பகுதி இதுதான். ஈஆர்பி தனியாக இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் மூடை முடிந்தது அதற்குத் தெரியாது. எம்ஈஎஸ் தனியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் சிட்டையில் என்ன இருந்தது என்பதில் அதற்கு அக்கறையில்லை.

கதவுக்கு அப்பாலும் இதே கரைச்சல் வேறு வடிவத்தில். ஈஆர்பிநெக்ஸ்டில் உற்பத்தி முடியும்போது மூலப்பொருளை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. தயாரிப்புப் பட்டியலில் எழுதிய அளவுப்படி கழிக்கலாம், அல்லது வேலைக் கட்டளைக்கு உண்மையாக மாற்றிக் கொடுத்த அளவைக் கழிக்கலாம். முன்பு முதலாவதாக இருந்தது. பட்டியலில் 40 கிலோ என்றால், ஈரமான செத்தலில் 43 போட்டிருந்தாலும் 40 தான் கழியும். மீதி மூன்று கிலோ பேரேட்டில் உயிரோடு இருக்கும். இரண்டாவதுக்கு மாற்றினோம். கதவடித் தராசு சொன்ன நிறை அப்படியே வேலை நடப்புக்குப் போகிறது, தொகுதி முடியும்போது அதுவே கழிகிறது. அரை மூடை மிஞ்சினால் திரும்ப நிறுத்து, புது அட்டை போட்டு, அதே கதவால் வெளியே.

வறுத்த செத்தலை ஈஆர்பியில் தனிப்பொருளாக்குவதா என்று கொஞ்சநாள் இழுபறி. ஆக்கினால் ஒவ்வொரு வறுவலுக்கும் ஓர் உற்பத்திப் பதிவு வேண்டும். ஆக்கவில்லை. வறுத்தது பரலில் எவ்வளவு, எத்தனை மணித்தியாலமாகக் கிடக்கிறது என்பது எம்ஈஎஸுக்குத் தெரியும். ஈஆர்பிக்கு அது வேலை நடப்பில் உள்ள செத்தலின் பெறுமதி. மாத முடிவுக்கு அக்காவுக்கு அது போதும். வறுத்ததை வெளியே விற்கும் ஆலை என்றால் இந்த முடிவு பிழை, அங்கே தனிப்பொருள் வேண்டும்.

தராசு, அட்டை, தூள்

தராசின் காட்டியிலிருந்து ஆர்எஸ்-232 வயர், ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிக்கு. காட்டி அனுப்பும் ஒவ்வொரு வரியின் தலையிலும் எஸ்டி அல்லது யூஎஸ் என்று இரண்டு எழுத்து: நிறை நிலையாக நிற்கிறது, அல்லது ஆடுகிறது. அரைவை இயந்திரம் ஓடும்போது நிலம் அதிர்ந்து யூஎஸ் மட்டுமே வந்தது. தராசைக் களஞ்சியப் பக்கத்துச் சுவரோரம், தனிச் சீமெந்துத் திட்டில் தூக்கி வைத்ததும் அடங்கியது. நிலையான வாசிப்பு தொடர்ந்து வந்தால் மட்டும் நிறையை ஏற்கும்படி எழுதியிருக்கிறேன். மென்பொருளில் சராசரி எடுத்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். திட்டுக் கட்டுவது மலிவு.

அட்டைதான் கரைச்சல் தந்தது. கடையில் இலகுவாகக் கிடைக்கிற வெப்ப அச்சு லேபலுக்கு மை வேண்டாம், சூட்டிலேயே கறுக்கும். அதே காரணத்தால் வறுவல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்த மூடையில் லேபல் முழுவதும் கறுத்து, பார்கோட் காணாமல் போனது. மை நாடா போட்டு அச்சிடும் இயந்திரத்துக்கு மாறினோம். ஒட்டுவதும் சரிவரவில்லை, சாக்கில் தூள் படிந்தால் பசை பிடிக்காது. கடைசியில் மூடையின் வாயைத் தைக்கும்போது அட்டையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். நூலை வெட்டித் திறக்கிறவரின் கையில் அட்டை கழன்று வரும், அதை வருடிவிட்டுக் கம்பியில் குத்துவார். கம்பியில் இல்லாத அட்டை என்றால் திறக்காத மூடை. வருடியின் கண்ணாடியை ஷிஃப்டுக்கு ஒருக்கால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிளகாய்த்தூள் படிந்து வாசிக்காது. துடைத்த கையால் கண்ணைத் தொட்ட கதைகள் கூடத்தில் நிறைய உண்டு.

கரண்ட் போனால்

ஈஆர்பி இணையத்தில் வாடகைக்கு எடுத்த வழங்கியில் ஓடுகிறது. எம்ஈஎஸ் கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு சின்னக் கணினியில், யூபிஎஸ்ஸோடு. இணையம் போனாலும் வறுவல் நிற்கக்கூடாது. ஆகவே மூடை கதவைத் தாண்டும் நேரத்தில் எம்ஈஎஸ் ஈஆர்பியிடம் அனுமதி கேட்பதில்லை. விடுவிக்கப்பட்ட லொட்களின் பட்டியலைக் கடைசியாக வாங்கிய நிலையில் தன்னிடமே வைத்திருக்கும். நடந்ததை எஸ்கியூலைட் தரவுத்தள அட்டவணை ஒன்றில் வரிசையாக எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண். ஈஆர்பியில் அந்தப் புலம் இரட்டிப்பை ஏற்காது. பதில் வருமுன் இணைப்பு அறுந்து அதே செய்தி மறுபடி போனாலும் மூடை இரண்டு தடவை கழியாது.

நேரம் வேறு ஒரு தலையிடி. கூடத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது, பின்னேரம் மூன்றுக்கு ஈஆர்பியை அடைகிறது. இடையில் அலுவலகத்தில் கைபேசி வழியாகப் புதுக் கொள்வனவு பதிந்துவிட்டார்கள். பத்து மணி என்றே பதிந்தால், ஈஆர்பிநெக்ஸ்ட் அதற்குப் பின்னுள்ள பதிவுகளின் பெறுமதியைத் திரும்பக் கணிக்கத் தொடங்கும். சராசரி விலை முறையில் பின்னால் வந்த விலைகளெல்லாம் அசையும். அது சரியான நடத்தைதான். ஆனாலும் நேற்றுக் காட்டிய இலாபம் இன்றைக்கு ஏன் மாறியது என்று அக்கா கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதே நாள் என்றால் உண்மை நேரத்தில் பதிவு, நாள் மாறிவிட்டால் வந்து சேர்ந்த நேரத்தில் பதிவு, உண்மை நேரம் தனிப் புலத்தில் என்று முடிவெடுத்தோம். மாதம் முடிந்ததும் இருப்பை உறையவைக்கும் அமைப்பை அக்காவே போட்டுவிடுவார். எதிர்மறை இருப்பை அனுமதிக்கும் தெரிவு அணைந்தே இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் எல்லாச் செய்தியும் ஒழுங்காகப் போனது போலத் தெரியும், கணக்கு உள்ளே உக்கும்.

கப்பி

சல்லடையில் மிஞ்சும் கப்பியை அடுத்த தொகுதியோடு சேர்த்து அரைப்பது வழமை. ஈஆர்பிக்கு அது பொருட்டல்ல: நிறை சிறிது, பெறுமதி சிறிது. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிற தூளுக்கு அஃப்லாடொக்சின் (பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு) எல்லை உண்டு. மிளகாய்க்கு அதில் பி1 என்ற வகை மட்டும் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. ஒரு மூடை பழுது என்று தெரிந்தால் எந்தப் பக்கெற்றுகளைத் திருப்பி எடுப்பது என்று சொல்ல வேண்டும். எம்ஈஎஸ் மூடையிலிருந்து பரல், பரலிலிருந்து தொகுதி, தொகுதியிலிருந்து பெட்டி என்று சங்கிலி பிடிக்கும். கப்பியை அடுத்ததில் சேர்த்தால் அந்தச் சங்கிலி அறாது. முதல் தொகுதியின் மூடை இரண்டாவதைத் தொடும், இரண்டாவது மூன்றாவதை, இப்படியே போய் மாதத்து உற்பத்தி முழுவதும் ஒரே குடும்பமாகிவிடும்.

ஒத்திகையில் ஏதோ ஒரு செத்தல் மூடை எண்ணைக் கொடுத்துத் தேடினேன். அந்த மூடைக்குப் பிறகு அரைத்த எல்லாத் தொகுதியும் திரையில் வந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எல்லாத்தையும் திருப்பி எடுக்கோணுமோ?"

"கப்பியைக் கலந்தா ஓம்."

அன்றைக்கே முடிவாகியது. ஏற்றுமதித் தொகுதிக்குள் கப்பி போகாது. நாள் முழுவதும் சேரும் கப்பி தனிப் பரலில். அதை அரைத்தால் அது தனித் தொகுதி, உள்ளூர் விற்பனைக்கு மட்டும். எம்ஈஎஸில் கப்பிப் பரலின் அட்டை ஏற்றுமதி வேலைக் கட்டளைக்குச் சிவப்பு காட்டும். அதற்கு அண்ணையின் எண்ணும் செல்லாது. இப்போது அதே தேடலில் மூன்று தொகுதி வருகிறது, எந்தப் பெட்டிகளில் இருக்கிறது என்பதோடு. பெட்டி எந்த வாடிக்கையாளருக்குப் போனது என்ற கடைசிக் கண்ணி மட்டும் ஈஆர்பியிடமிருந்து, விநியோகச் சிட்டை அங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் இப்படி மூடை மூடையாகப் பிடிக்கவில்லை. பக்கெற் பிளாஸ்டிக் சுருள், அட்டைப்பெட்டி, பசைநாடா எல்லாம் ஈஆர்பியின் பட்டியல் அளவுப்படியே கழிகின்றன. மாதத்துக்கு ஒருக்கால் எண்ணித் திருத்துகிறோம். பசைநாடாவுக்குப் பார்கோட் ஒட்டுவதில் அர்த்தமில்லை. முடிந்த பொருள் களஞ்சியமும் பெரும்பாலும் ஈஆர்பியிடமே. காலாவதி முந்தியது முதலில் போகவேண்டும், வெளிநாட்டு வாங்குபவர்கள் பாவனைக்காலம் இவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அது விற்பனைக் கட்டளையோடு ஒட்டிய வேலை, ஈஆர்பியின் எடுப்புப் பட்டியல் அதைச் செய்கிறது. களஞ்சியத்துக்கென்றே தனி மென்பொருள், டபிள்யூஎம்எஸ், வாங்கலாமா என்று முதலாளி கேட்டார். நூற்றுக்கணக்கான தட்டுகளும் போர்க் லிஃப்டுகளும் உள்ள இடத்துக்கு அது சரி. இங்கே நாலு தட்டு, ஒரு தள்ளுவண்டி.

இரவு பதினொரு மணிக்கு ஒரு சின்ன நிரல் ஓடும். திறந்திருக்கிற ஒவ்வொரு லொட்டுக்கும் எம்ஈஎஸ் மூடைகளின் கூட்டலையும் ஈஆர்பி இருப்பையும் ஒப்பிட்டு, காய்தலுக்கு விட்ட இடைவெளியைத் தாண்டினால் அண்ணைக்கும் அக்காவுக்கும் ஒரே குறுஞ்செய்தி போகும். இருவருக்கும் ஒரே நேரத்தில் போகவேண்டும் என்று கேட்டது அண்ணை. சீ.ஆர். கொப்பியை இன்னும் எழுதுகிறார். நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வேலை மஞ்சள் மூடைகள். மஞ்சளை வேறு இடத்தில் அரைக்கக் கொடுத்துத் தூளாகத் திருப்பி எடுக்கிறார்கள். நம்முடைய சரக்கு, இன்னொருவரின் கூடம், நடுவில் கதவே இல்லை. அங்கே கோட்டை வெளியே போகிற லொறியிலா, திரும்பி வருகிற லொறியிலா போடுவது என்று அக்காவும் அண்ணையும் இன்னும் உடன்படவில்லை.